மாடு சொல்லும், காரு சொல்லாது

வாங்கிடு பேராண்டி. யோசிக்காதே. யோசிச்சவன் எவன் பாப்-அப் கேம்பர் வாங்கியிருக்கான்?

போன்ல நீ காட்டின படத்தைப் பார்த்தேன். மடிச்சா மார்பளவுப் பெட்டி. பிடியைப் போட்டுச் சுத்தினா கூரை எழும்புது, ரெண்டு பக்கமும் கட்டில் நீளுது, சுத்தியும் கித்தான் சுவரு. நாலு பேரு தாராளமாப் படுக்கலாம்னியே? உங்க ஃபிளாட்டுல மூணு பேரு எதிரெதிரா நடக்க எடமில்ல. அந்த வகையில முன்னேற்றந்தான்.

ஒரே ஒரு சந்தேகம். அதை எங்க நிறுத்துவே? நம்ம பெருங்களத்தூர்ல ஒரு காரை நிறுத்தவே ஒவ்வொரு ராத்திரியும் பஞ்சாயத்து. முடிச்சூர் பக்கம் காலி மனை சல்லிசா வாடகைக்கு வருதுன்னு எவனாவது சொல்லுவான். 2015 டிசம்பர்ல அங்க வெள்ளம் எந்த ஒசரத்துக்கு நின்னுச்சுன்னு கேட்டுட்டு அட்வான்ஸ் கொடு. கூடாரத்துக்கு நீச்சல் தெரியாது.

சிரிக்காதே. மதுராந்தகத்துக்கு நெல்லு மூட்டை ஏத்தின பார வண்டி ஓட்டினவன் பேசறேன். உன் கேம்பரும் அதுவும் ஒரே வகையறா. ரெண்டு சக்கரம், ஒரு ஏர்க்கால், முன்னால இழுக்கறதுக்கு ஒண்ணு. மாட்டுக்கு வலிச்சா சொல்லும், காரு சொல்லாது. வித்தியாசம் அவ்ளோதான். அதனால மாடு பார்த்த வேலையெல்லாம் இனிமே நீ பார்க்கணும். உனக்கு அந்தத் தகுதி இருக்குன்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டுத்தான் வரேன்.

முதல்ல பாரம். மூட்டையைப் பின்னால அடுக்கினா பின்பாரம்; நுகத்தடி மேல தூக்கிப் பூட்டாங்கயிறு மாட்டோட கழுத்தை நெரிக்கும். முன்னால குவிச்சா முன்பாரம். நுகம் அமுக்கி மாடு முட்டி போட்டுடும். பூட்டின ஒடனே மாடு தலையை ஆட்டும், நாம ரெண்டு மூட்டையை நகர்த்துவோம், சரியாப்போயிடும். கேம்பருக்கு அமெரிக்காக்காரன் ஒரு கணக்கு வெச்சிருக்கான். மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல உக்காரணும். 1,000 கிலோ வண்டின்னா 100 முதல் 150 கிலோ. அதுக்குக் கீழ போச்சுன்னா, வேகம் ஏற ஏறப் பின்வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பிச்சு, கடைசியில காரையே திருப்பிப் போட்டுடும்.

நம்ம குடும்பம் சாமான் ஏத்தற அழகுதான் தெரியுமே. கிளம்பற நேரத்துல உங்கம்மா அரிசி, கிரைண்டர், ஊறுகா ஜாடி எல்லாத்தையும் கதவோரமாத் திணிப்பா. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ. வீட்டு சிலிண்டர்ல காஸ் 14.2 கிலோன்னாலும், இரும்போட சேர்த்துத் தூக்கினா 30 கிலோகிட்ட வரும். அதை விட்டுட்டு 5 கிலோ சிலிண்டர் எடுத்துக்கோ. கனமானதெல்லாம் தரையோட, அச்சுக்கு மேல, கொஞ்சம் முன்னால தள்ளி வை. அப்புறம் ஜிஎஸ்டி ரோட்டுல லாரி ஏறற எடைமேடையில நீயும் ஏத்திப் பாரு. காரோட புஸ்தகத்துல எவ்ளோ எடை இழுக்கலாம்னு போட்டிருந்தா, அதுக்குள்ள நில்லு. ஒண்ணுமே போடலைன்னா இழுக்காதே. கம்பெனிக்காரன் மறந்துட்டான்னு நெனைக்காதே.

கொக்கியைத் தெருமுனைப் பட்டறையில வெல்டிங் வெச்சுக்கலாம்னு ஒரு திட்டம் வெச்சிருப்பே. அதுக்கு முன்னாடி தாம்பரம் ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளு. கம்பெனி பண்ணிக் கொடுத்த வண்டியோட அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்லுது. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. இழுத்துட்டுப் போற வண்டிக்கும் தனிப் பதிவு எண் வேணும். அதோட முதுகுல உன் காரோட நம்பரும் தெரியணும். டிஎன் 11 போர்டைப் பெருமையா ரெண்டு தடவை எழுதிக்கலாம், போ.

பூட்டிட்டு அப்படியே கிளம்பிடாதே. கடையாணி கழண்ட வண்டி எங்க போய் நிக்கும்னு ஊர்ல கொழந்தைக்கும் தெரியும். கொக்கிக் குமிழ் மேல பூட்டு உக்காந்துச்சான்னு ஏர்க்காலை ஒரு தடவை தூக்கிப் பாரு. காரோட பின்பக்கமும் சேர்ந்து எழும்பணும். காப்புச் சங்கிலி ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா மாட்டு. பூட்டு விட்டுப்போனா ஏர்க்கால் ரோட்டுல குத்தாம அந்தச் சங்கிலி தாங்கிக்கும். ராத்திரி வண்டிக்கு அடியில நாங்க லாந்தர் கட்டுவோம். உனக்கு பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒயர்ல வருது. எரியுதான்னு உன் வீட்டுக்காரியைப் பின்னால நிறுத்திக் கேளு.

ரிவர்ஸ் எடுக்கறதுதான் உன் அகம்பாவத்துக்கு மருந்து. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினா கேம்பர் வலது பக்கம் போவும். ஒரு வழி சொல்றேன்: கையை ஸ்டியரிங்கோட அடிப்பக்கம் வை. கேம்பர் எந்தப் பக்கம் போவணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான். ரொம்ப மடங்கிடுச்சுன்னா முன்னால போயி நேராக்கிட்டு மறுபடி வா. பின்னால நின்னு வழி சொல்ல ஆளு வராம இருக்காது. நம்ம தெருவுல 'வா வா வா'ன்னு கத்தறவன் சுவத்துல இடிச்சப்புறந்தான் 'போதும்'பான். அவனை நம்பாதே. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில ஒரு காலி மைதானத்துல பழகு.

பெரிய ரோடு வேற சங்கதி. திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே வெட்டிட்டு வரும், அகலமாத் திரும்பு. ஆம்னி பஸ் ஒரசிட்டுப் போனா அந்தக் காத்துலயே கேம்பர் ஆடும். ஆடினா பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கையும் ஒடிக்காதே. ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டு நேராப் புடி. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தாச்சு, இனிமே ரோடு காலின்னு நெனைச்சுப் போகிக்கு மொத நாள் ராத்திரி கெளம்பிடாதே. ஊருக்குப் போற சனம் பஸ் ஏறற எடம்தான் மாறிச்சு. அத்தனை பேரும் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் ஆகணும்.

மலைக்குப் போறேன்னு இப்பவே குதிக்காதே. ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில 70. எறக்கத்துல மாடு காலை ஊனித் தாங்கும். கேம்பருக்குச் சொந்த பிரேக் இல்லைன்னா, அத்தனை பாரமும் உன் முதுகைத் தள்ளிட்டே எறங்கும்.

பழசு வாங்கறதா இருந்தா மத்தியானம் போ. கூரையை ஏத்தி, உள்ளே போயி எல்லாத்தையும் மூடிட்டு அண்ணாந்து பாரு. கித்தான்ல எங்கெல்லாம் வெயில் புள்ளி தெரியுதோ அங்கெல்லாம் ஐப்பசியில ஒழுகும். மூலையில தரையைக் காலால அமுக்கிப் பாரு. மெத்துமெத்துன்னு இருந்தா பலகை மக்கிடுச்சு. டயர்ல நாலு எண் இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் பண்ணது. பட்டன் தேயலையேன்னு விக்கறவன் சொல்லுவான். நின்ன எடத்துலயே கெழடு தட்டின டயரும் உண்டு. வண்டி மை காஞ்சா எங்க சக்கரம் ஊரைக் கூட்டும். உன் பேரிங் எரியற வரைக்கும் வாயைத் தொறக்காது. நிறுத்தற எடத்துல எல்லாம் சக்கரத்தோட நடுவுல, மெதுவா, கையை வெச்சுப் பாரு. கொதிச்சா நகராதே.

மழையில நனைஞ்ச கூடாரத்தை மடிச்சுட்டு வந்தா, வீடு சேர்ந்ததும் விரிச்சுக் காய வைக்கணும். விட்டுட்டா நம்ம ஊரு புழுக்கத்துக்குப் பூஞ்சை புடிச்சுடும். ஃபிளாட் வாசல்ல அதை எங்க விரிப்பேன்னு மறுபடி கேக்க மாட்டேன்.

இத்தனையும் கேட்டு ஆசை அடங்கலைன்னா, மொதல்ல வாடகைக்கு எடுத்துப் பாரு. கேரளாக்காரன் 2021-லயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை போட்டான். அங்க போயி ரெண்டு ராத்திரி படு. அப்பவும் வேணும்னா வாங்கு. மொத பயணம் வேடந்தாங்கல் வரைக்கும் போதும், மார்கழி தையில பறவைங்க இருக்கும். நெடுஞ்சாலை, சமவெளி, எறக்கம் கிடையாது. போய்ச் சேர்ந்ததும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுட்டு அப்புறமா கொக்கியைக் கழட்டு.

ஓடற கேம்பருக்குள்ள ஆளு உக்காரக் கூடாது, அது ஆபத்து. அதனால எனக்கு முன் சீட்டு. எடை 58 கிலோ, வெத்தலைப்பெட்டி தனி. காரோட பாரக் கணக்குல இப்பவே எழுதிக்கோ.