பனிராணிக்கு வேர்க்குரு

திருவனந்தபுரத்திலே பனி பெய்யப் போவுதாம். அதும் ஏப்ரல் மாசம். கழக்கூட்டத்திலே, ஒன்பதாம் மாடியிலே. அடுத்த முறியிலே இருக்கிற பெத்த அப்பனுக்கு வாட்ஸப்பிலே அழைப்பு அனுப்பியிருக்கே, அதிலே அப்பிடித்தாம்லே போட்டிருக்கு. என் பேத்திக்கு அஞ்சு வயசு தெகையுதுக்கு 'ஃப்ரோசன் தீம்' பார்ட்டி. தெர்மோகோலைத் துருவிப் பனி, நீல பலூனு, மூணு தட்டுக் கேக்கு. நல்லாயிரி மக்கா. ஏசியைக் கொஞ்சம் கூட்டி வையி. இல்லேன்னா பனிராணிக்கு முதுகு பூரா வேர்க்குரு வந்திரும்.

கோவப்படாதே. உன்னை மட்டும் சொல்லல்லே. உன் வயசுக்காரப் பயலுவ அத்தனை பேருக்கும் சேத்துத்தான் சொல்லுகேன்.

அந்த 'ஃப்ரோசன்' படத்தை நானும் பாத்தவனாக்கும். நீயும் மருமவளும் டெக்னோபார்க்குக்குப் போன பெறவு பிள்ளை கூட இருக்கது யாரு? ஒரே படம், காலையிலேயும் ஓடும், மத்தியானமும் ஓடும். 2019-ல வந்த ரெண்டாம் பாகத்தைத் தமிழ்லே பாத்தோம். அக்கா பனிராணி எல்சாவுக்கு சுருதிஹாசன் பேசியிருக்கா, தங்கச்சி அன்னாவுக்கு டிவியிலே வர்ற நம்ம டிடி. படம் கொள்ளாம். மொதப் பாகம் அதை விடக் கொள்ளாம். ஒரு ராசகுமாரனைக் கண்ட அன்னைக்கே கல்யாணம்னு தங்கச்சிக்காரி துள்ளுகா. 'இப்பப் பாத்தவனையாட்டீ கெட்டுவே?'ன்னு அக்காக்காரி மறிக்கா. நம்ம வீட்டு அத்தைமாரு பேசுக பேச்சுலா அது! கடைசியிலே அந்த ராசகுமாரன் நாட்டைப் புடுங்க வந்த களவாணின்னு தெரியுது. உறைஞ்சு போன பிள்ளையை எழுப்ப முத்தமும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம், கூடப்பொறந்தவ பாசம் போரும்னு ஆயிருது. இதுலே நான் என்ன குத்தம் சொல்ல?

2013-ல வந்த மொதப் படம் உலகம் பூரா 128 கோடி டாலர் வாரிச்சு. ரெண்டு ஆஸ்கார் வேற. ரெண்டாவது படம் 145 கோடி. அது டிக்கட்டுக் காசு மட்டும் கேட்டியா, உடுப்புக் காசு தனி. 2014-ல வட அமெரிக்காவிலே மட்டும் எல்சா, அன்னா உடுப்பு 30 லட்சம் வித்ததாம். அந்த வருசக் கிறிஸ்மசுக்குப் பெண்பிள்ளையளு கேட்ட பொம்மையிலே, பத்து வருசத்துக்கு மேலே முன்னாலே நின்ன பார்பியே பின்னாலே போயிட்டா.

அந்த உடுப்பிலே ஒண்ணுதான் நீ கம்ப்யூட்டரிலே தட்டி வரவழைச்சது. சாலைக் கடைத்தெருவிலே அதே சாமானம் பாதி விலைக்குத் தொங்குது, அது கெடக்கட்டும். நைலான் வலை. மேலே ஜிகினா. இடுப்பிலே எலாஸ்டிக்கு. பிள்ளை அதைப் போட்டுப் பத்து நிமிசம் ராணியா நின்னா. பெறவு இடுப்பைச் சொறிஞ்சா. பெறவு உருவி எறிஞ்சிட்டு ஜட்டியோட வராந்தாவிலே ஓடுனா. அவளுக்கு உள்ள புத்தி நமக்கு எப்பம் வரும்? நீ என்ன செஞ்சே? போட்டோ சரியா விழல்லேன்னு மறுபடியும் பிடிச்சு மாட்டிவிட்டே. தண்ணிக் குப்பியிலே எல்சா, பையிலே எல்சா, பல்லு தேய்க்க பிரஷிலே எல்சா. டிபன் பெட்டி மூடியிலேயும் எல்சாதான். தொறந்தா உள்ளே இட்லி தானலே இருக்கு?

சரி, அந்தக் கதை படம் எடுத்த டிஸ்னிக்காரன் பெத்ததா? டென்மார்க்கிலே ஆண்டர்சன்னு ஒருத்தன் 1844-ல எழுதினது. அதிலே பனிராணி பொல்லாதவ, ஒரு சின்னப் பயலைத் தூக்கிட்டுப் போயிருவா. அதைப் படமாக்க டிஸ்னிக்காரங்க எத்தனையோ வருசம் உருட்டியும் பிடி கிடைக்கல்லே. கடைசியிலே, பாட்டு எழுதுக லோப்பஸ் புருசனும் பெஞ்சாதியும் எல்சா வாயிலே ஒரு பாட்டை வச்சாங்க. 'லெட் இட் கோ', உன் மக தெனமும் தொண்டை கீறக் கத்துவாள்லா, அதுதான். அதைக் கேட்டதும் மத்தவங்களுக்கு வெளங்கிப்போச்சு. இந்தப் பிள்ளை கெட்டவ இல்லே, பயந்தவ! உடனே கதையையே திருப்பி எழுதினாங்க. வில்லி நாயகியாயிட்டா.

அதுலா கெட்டிக்காரத்தனம்! அவன் பழைய கதையைக் கையிலே எடுத்துத் திருப்பிப் பாத்தான். நீ பாவாடையை எடுத்துட்டு வந்திருக்கே.

நம்ம கள்ளியங்காட்டு நீலி எதிலே கொறஞ்சவ? கெட்டினவன் கையாலே செத்து, கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பிலே வச்சுக்கிட்டுப் பழி வாங்க வந்தவளாக்கும். வில்லுப்பாட்டிலே அவ கதை வந்தா ராத்திரி மூத்திரம் போவ மூணு பேரு சேந்து போவோம். அவளைச் சொன்னா நீ, 'அப்பா, பிள்ளை பயந்திரும்'னு கையைக் காட்டுவே. பெறவு என்னாச்சு? 2025 ஆகஸ்டிலே 'லோகா'ன்னு மலையாளத்திலே படம் எடுத்து அதே நீலியைக் கல்யாணி பிரியதர்ஷன் உருவத்திலே விட்டான். மலையாளத்திலே அது வரைக்கும் இல்லாத வசூலு. நீயும் ரெண்டு தடவை போனே. நான் சொன்னா மூடநம்பிக்கை, டிக்கட்டு எடுத்தா சூப்பர் ஹீரோயினா?

பொம்மைப்படமும் நமக்கு வராதது இல்லே மக்கா. நீ வேலை பாக்க அதே டெக்னோபார்க்கிலே 1999-ல தொடங்கினதுதான் டூன்ஸ் கம்பெனி. நம்ம தெனாலிராமனைத் தொடராக்கி 2003-ல கார்ட்டூன் நெட்வொர்க்கிலே விட்டான். 2007-ல வந்த 'ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்' படத்திலேயும் அவங்க பங்கு உண்டு. தெனாலிராமன் டிபன் பெட்டி எவன் கையிலேயாவது பாத்தியா? உன் பார்ட்டிக்குத் தெனாலிராமன் தீம்னா பாதிப்பேரு வருவானா? ஒரு கெழவன் வாயாலே சொன்ன பேய்க்கதையை அதிதி கிருஷ்ணதாஸ்னு ஒரு பிள்ளை கருப்பு வெள்ளையிலே வரைஞ்சு, 'கண்டிட்டுண்டு'ன்னு குட்டிப்படமாக்கித் தேசிய விருதே வாங்கியாச்சு. கெழவன் கதைக்கு விருது உண்டுலே. என் கதைக்கு ஒரு 'உம்' கொட்டக்கூட உனக்கு நேரமில்லே.

போட்டும். தெர்மோகோலு வாங்கினது வாங்கினதுதான், துருவு. ஆனா பாயசச் செம்பைத் தட்டு போட்டு மூடி வையி, அந்தப் பனி பாலாடையோட சேந்தா வேறுபாடு தெரியாது. மூணாம் பாகம் 2027 நவம்பரிலே வரும்னு சொல்லியிருக்கான். அப்பம் பிள்ளை வளந்திருப்பா. அடுத்த உடுப்பு எடுக்கதா இருந்தா ரெண்டு இஞ்ச் நீளம் கூட்டி எடு, உங்க அம்மை மடிச்சு அடிச்சுத் தருவா. உள்ளே ஒரு பருத்தி லைனிங்கும் வைக்கச் சொல்லு.