மார்க்கர் மாமா பதில்கள்

மச்சக்காரன்: மச்சம் அதிர்ஷ்டமா, ஆபத்தா?

பெரும்பாலும் இரண்டுமில்லை, வெறும் மச்சம். இரு பாதியும் ஒத்துவராமல், ஓரம் பிசிறடித்து, பல நிறம் காட்டி, 6 மில்லிமீட்டரைத் தாண்டி, மாறிக்கொண்டே இருந்தால் ஜோசியரை விட்டுவிட்டுத் தோல் டாக்டரிடம் ஓடவும்.

பில் பார்த்துப் பதறியவர்: பயாப்ஸியோடு 'ஐஹெச்சி' என்று தனிக் கட்டணம். என்ன அது?

இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. மெல்லிசாகச் சீவிய திசுவில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை விடுவார்கள். பிடித்த இடம் பழுப்பாகும். ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஒட்டி 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் தொடங்கிவைத்த வித்தை. வித்தை பழசு, பில் புதுசு.

குறும்பன்: மச்சமே பழுப்பு. சாயமும் பழுப்பென்றால்?

ஆளு கில்லாடிதான்! அதனால்தான் மெலனின் மண்டிய திசுவுக்குப் பல லேப்களில் சிவப்புச் சாயம்.

தூக்கம் கெட்டவர்: என் ரிப்போர்ட்டில் 'எஸ்-100 பாசிடிவ்'. புற்றுநோயா?

அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. சாது மச்சமும் எஸ்-100 காட்டும், மெலனோமா என்ற தோல் புற்றுநோயும் காட்டும். ரேஷன் கார்டில் குடும்பம் தெரியும், குணம் தெரியுமா?

அவரே: குணத்தை எது காட்டும்?

ஹெச்எம்பி-45, சாதா மச்சத்தில் மேலே பளிச்சிட்டு ஆழத்தில் மங்கும். மெலனோமாவில் அடிவரை திட்டுத்திட்டாய்த் தலைகாட்டும். பிரேம் என்ற மார்க்கர் பெரும்பாலான மெலனோமாவில் பரவலாக ஏறும். மச்சத்தில் பெரும்பாலும் ஏறாது. அந்தப் 'பெரும்பாலும்'களில்தான் பேத்தாலஜிஸ்ட் பிழைப்பு ஓடுகிறது.

கணக்குப் புலி: கேஐ-67? அதென்ன 67?

ஜெர்மனியின் கீல் நகர லேபில், தட்டின் 67-ஆம் குழியில் சிக்கிய ஆன்டிபாடி. பெருகிக்கொண்டிருக்கும் செல்களைக் காட்டிக்கொடுக்கும். மச்சத்தில் பொதுவாக 5 சதவீதத்துக்கும் கீழே. சோம்பேறித்தனம் பாராட்டப்படும் ஒரே இடம் மச்சம்.

சந்தேகப் பிராணி: நிறமில்லாத கட்டிக்கு?

அதற்கும் ஆள் உண்டு. டெர்மடோஃபைப்ரோமா சாது: பொதுவாக ஃபேக்டர் 13ஏ பாசிடிவ், சிடி34 நெகடிவ். அதே ஜாடையில் வரும் டிஎஃப்எஸ்பி என்ற தோல் புற்று அப்படியே தலைகீழ். அரைகுறையாய் வெட்டினால் திரும்பி வந்து நலம் விசாரிக்கும்.

கறுப்பழகி: நம் நிறத்துக்கு மெலனோமா வராதாமே?

குறைவு, வராது என்பது புரளி. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று ஒளிந்துகொள்ளும். பாப் மார்லிக்குக் கால்விரலில் வந்தது. 1981-இல், 36 வயதில் போய்ச் சேர்ந்தார். பாட்டைக் கேட்டுக்கொண்டே பாதத்தையும் பாருங்கள்.

கம்ப்யூட்டர் பக்தர்: இவ்வளவு மார்க்கர் இருக்க, மைக்ரோஸ்கோப் டாக்டர் எதற்கு?

எந்த மார்க்கரைக் கேட்பது என்று சொல்ல. 1948-இல் சோஃபி ஸ்பிட்ஸ் குழந்தைகளிடம் கண்ட ஒரு மச்சத்துக்கு வைத்த பெயரிலேயே மெலனோமா இருந்தது. பார்வைக்குப் பயங்கரம், பெரும்பாலும் பரமசாது. இன்றும் அந்த ஸ்லைடு வந்தால் இரண்டு நிபுணர்கள் மூன்று கருத்து சொல்வார்கள்.

அரை டாக்டர்: இனி ரிப்போர்ட்டை நானே படித்துக்கொள்ளலாமா?

தாராளமாக. டாக்டர் எதிரில் உட்கார்ந்து.