கெவுளி கத்துத சத்தம்

மக்கா, அந்தப் பொட்டிய அணைச்சுட்டு இங்கன திண்ணையில வந்து இரி. அணைக்கமாட்டியா? செரி, கெடந்து டிக்கு டிக்குங்கட்டு. காலம்பற உங்க ஆச்சி என்கிட்ட வந்து, "பய ரூமுக்குள்ள கெவுளி கெடந்து கத்துது, நல்ல சகுனமா கெட்ட சகுனமா?"ன்னு கேட்டா. கெவுளி இல்லட்டீ, உன் பேரன் அணுக்கதிர எண்ணுதான்னு சொன்னேன். "எண்ணி முடிச்சதும் கொடியில கெடக்க துணிய எடுத்துப் போடச் சொல்லும், மழை வருது"ன்னுட்டுப் போயிட்டா. அவ கவலை அவளுக்கு.

மொதல்ல மூணு மாசம் வீடு பூரா ஈயம் உருக்குத வாடை. நாகர்கோயில்ல இஞ்சினீயருக்குப் படிச்ச பய பாத்திரத்துக்கு ஈயம் பூசத்தான் போறானாக்கும்னு உங்கம்மை பயந்தே போயிட்டா. பொறவுதான் சங்கதி தெரிஞ்சுது. அரைச் சாண் நீளத்துல ஒரு இரும்புக் குழாய். உள்ள நியான் வாயு, கூட துளி புரோமின். அதுக்கு 400 வோல்ட் குடுக்கணும். கம்ப்யூட்டர் வயர்ல வாரது 5 வோல்டுதானல, மிச்சத்துக்கு எங்கன போவேன்னு கேட்டேன். அதுக்கொரு சுத்து இருக்கு பாட்டான்னு சொன்ன. ஒருநாள் அந்தச் சுத்துல வெரல வச்சுட்டு நீ போட்ட கூப்பாடு மேலத்தெரு வரைக்கும் கேட்டுது. அன்னைக்கு உன் பொட்டி எண்ணாததை நான் எண்ணிக்கிட்டேன்: ஒண்ணு.

டியூபு ருசியாக்காரன் அந்தக் காலத்துல செஞ்சதாம். எஸ்பிஎம்-20ன்னு பேரு. கெழக்க கூடங்குளத்துல நிக்க உலையும் ருசியாக்காரன் செஞ்சதுதான். சம்பந்தி மேல கண்ணு வைக்க சம்பந்தி வீட்டு ஆளையே காவலுக்கு நிறுத்தியிருக்க. நல்ல ஏற்பாடு.

அது என்ன செய்யுதுன்னு நீ ஆச்சிக்குச் சொன்னப்ப நானும் ஒரு காதைக் குடுத்துட்டுத்தான் கெடந்தேன். உள்ள ஒரு கதிர் பூந்து ஒரே ஒரு அணுவைத் தட்டிவிடும். மண்டைக்காட்டுக் கொடையில ஒருத்தன் ஒரு தள்ளு தள்ளுனா கூட்டமே சரிஞ்சு மாலைக்கடை மேல விழுமே, அந்த மாதிரி மளமளன்னு மின்சாரம் சரியும். அதுதான் ஒரு டிக்கு. ஆனா ஒண்ணு பாத்துக்கோ. கதவைத் தட்டுனான்னு உன் பொட்டி சொல்லும். தட்டுனவன் கடன்காரனா, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவனான்னு சொல்லாது. வாழைப்பழத்துல உள்ள பொட்டாசியமும் டிக்கு, உலையில வெந்த சீசியமும் டிக்கு. ஏன், உன் ஒடம்புக்குள்ள கெடக்க பொட்டாசியமே வினாடிக்கு 4,000 தடவை கிட்ட வெடிக்குன்னு நீதான சொன்ன. அவ்வளவு வெடிச்சும் காலையில எட்டு மணிக்கு முந்தி உன்னை எழுப்ப முடியலியே, அதத்தான் விஞ்ஞானம் ஆராயணும்.

கேலி போதும். ஜப்பான்காரன் கதையை நீ சொன்னப்ப நான் சிரிக்கல. 2011 மார்ச்சு 11. நிலம் குலுங்கி, கடல் ஏறி, ஃபுகுஷிமா உலை போச்சு. நமியேன்னு ஒரு ஊரு. சனங்க உசிரைக் கையில பிடிச்சிட்டு வடமேக்க மலைப்பக்கம் ஓடினாவ. கதிரும் காத்தோட அதே பக்கந்தான் போச்சு. காத்து எங்க போவும்னு அரசாங்கத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வச்சிருந்திருக்கு. கணக்கு இருந்தது மேசையில, சனம் இருந்தது ரோட்டுல. நம்ம கடற்கரையில சுனாமி பாத்தவனுக்கு அதுல சிரிக்க ஒண்ணும் இல்ல.

அதுக்குப் பொறவுதான் கொஞ்சம் பேரு சேந்து, எவன் சொல்லுததையும் நாம நம்பவும் வேண்டாம், வையவும் வேண்டாம், நாமளே அளப்போம்னு எறங்கினாவ. சேஃப்காஸ்ட்னு பேரு. அந்த ஊர்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளை சோறு கொண்டு போவுத பொட்டிக்கு பென்டோன்னு பேராம். அந்த அளவுல ஒரு எண்ணுத பொட்டி செஞ்சு, காரு ஜன்னலுக்கு வெளிய கெட்டி, தெருத்தெருவா ஓட்டினாவ. 5 வினாடிக்கு ஒரு தடவை எண்ணிக்கை என்ன, நிக்க எடம் என்னன்னு அது எழுதிக்கிட்டே போவும். இப்போ 10 கோடிக்கு மேல எழுதியாச்சு. யாரு வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம், காசு இல்ல. நான் இதைக் கேட்டதும் நெனைச்சது குடிமராமத்தைத்தான். அந்தக் காலத்துல குளத்துக்குத் தூர்வார சர்க்கார் வரும்னு எவனும் வரப்புல குந்தியிருக்கமாட்டான். வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு மம்பட்டி.

நீ பொட்டியக் கோத்து வச்சிருக்க போலந்துக்காரன் ஏற்பாடும் அதே சாதிதான், கொஞ்சம் சோம்பேறிச் சாதி. மனுசன் ஓடவேண்டாம், பொட்டிய வீட்டுல சொருகி வச்சா கம்ப்யூட்டரே எண்ணிக்கையை அனுப்பிக்கிடும். இதுக்கு அஸ்திவாரம் போட்டது அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆளுவ. சும்மா கெடக்க கம்ப்யூட்டரையெல்லாம் எரவல் வாங்கி ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்யுதது. 1999-ல ஆரம்பிச்சு, வானத்துல வேத்துலோகத்தான் எவனாவது பேசுதானான்னு 2020 வரைக்கும் ஒட்டுக் கேட்டாவளாம். லட்சக்கணக்கான வீட்டுக் கம்ப்யூட்டர் ராத்திரி பூரா முழிச்சிருந்தும் ஒருத்தனும் வாயத் தொறக்கல. நல்ல குடும்பத்துப் பிள்ளைய போல. எங்க காலத்துல ஏரும் மாடும் எரவல் குடுத்தோம், நீங்க கம்ப்யூட்டரைக் குடுக்கிய. இதுக்கு என்ன கூலின்னு கேட்டா, காசு இல்ல பாட்டா, புள்ளி தருவாங்கங்க. புள்ளியக் கொண்டு போய் மளிகைக் கடையில குடுத்தா அரைக்கிலோ புளி தருவானாடே?

செரி, மொய்நோட்டு மாதிரின்னு வச்சுக்கிடுதேன். ஊரு, பேரு, தொகை. மொய் எழுத உக்காருதவனுக்கு ஒரு சாமர்த்தியம் வேணும். கணக்கா எழுதணும், அவ்வளவுதான் சாமர்த்தியம். அங்கதான் நீ சறுக்குத. மைக்ரோசீவர்ட்டுக்கும் மில்லிசீவர்ட்டுக்கும் ஆயிரம் மடங்கு. போன மாசம் நீ ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி எழுதி, நம்ம அடுக்களைக்குள்ள எவனும் காலு வைக்கப்பிடாதுன்னு ஆக்கிட்ட. உங்கம்மை அங்க நின்னு ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு இருந்தா. பொட்டிய வச்சது எங்க? கிரானைட்டு மேடை மேல. கருங்கல்லுலேயே யுரேனியமும் தோரியமும் துளித்துளி கெடக்கும். அம்மி மேல காது வச்சுட்டு ஊரு நடுங்குதுன்னு சொல்லப்பிடாது.

இப்போ மழைக் கதைக்கு வாரேன். ஓடாத, இரி. ஐப்பசியில ஒருநாள் சாயங்காலம் கொட்டுச்சே, நியாபகம் இருக்கா? நிமிசத்துக்கு 30 போல கெடந்த பொட்டி 40, 44ன்னு ஏறிச்சு. நீ மூஞ்சி வெளுத்துப்போயி, "பாட்டா, கூடங்குளம் போச்சு"ன்ன. மருந்துக்கடையில போயி அயோடின் மாத்திரை கேட்டிருக்க. கடைக்காரன் புண்ணுக்குப் போடுத மருந்தைக் குடுத்து அனுப்பியிருக்கான். நல்லவேளை குடிக்கல.

மழை நின்னு ஒண்ணரை மணிக்கூறுல எண்ணிக்கை பழைய எடத்துக்கு வந்துட்டு. ஏன்னு மறுநாள் நீயே படிச்சுச் சொன்ன: மண்ணுக்குள்ளேருந்து ரேடான்னு ஒரு வாயு எந்நேரமும் கசிஞ்சு காத்துல கலக்கும். அது பெத்த பிள்ளைய, ஈயம் ஒண்ணு, பிஸ்மத் ஒண்ணு, தூசில ஒட்டிக்கிட்டு மேல அலையும். மழை அதையெல்லாம் கழுவிக் கொண்டாந்து நம்ம முத்தத்துல கொட்டும். ஒண்ணுக்கு 27 நிமிசத்துல பாதி போவும், மத்ததுக்கு 20 நிமிசத்துல. உலகம் உண்டானதுலேருந்து ஒவ்வொரு மழைக்கும் இது நடக்கு. உனக்குப் பொட்டி வந்தது ஆவணியில.

அன்னைக்கு நீ செஞ்சிருக்க வேண்டியது மருந்துக்கடைக்கு ஓடுதது இல்லடே. குளச்சல்ல உன் கூட்டாளி ஒருத்தன் பொட்டி வச்சிருக்கான்லா, அவன்கிட்ட கேக்குதது. அங்கயும் ஏறி, அங்கயும் எறங்கியிருந்தா மழை. இல்லேன்னா வேற. ஒத்தப் பொட்டி சொல்லுததுக்கு ஒத்தை ஆள் சாட்சி மாதிரிதான் மதிப்பு. இதுக்குத்தான ஊர்பட்ட பொட்டியக் கோத்து வச்சிருக்கிய? கோத்ததுல புள்ளிய மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தா எப்படி?

இங்க ஒரு பாவத்தைச் சொல்லிருதேன். மார்கழியில ஒரு ராத்திரி உன் பொட்டி திடீர்னு வெறிபிடிச்ச மாதிரி அலறிச்சே? விடிய விடிய நீ ஒறங்காம, படம் போட்டு, ஊருக்கெல்லாம் சேதி அனுப்பி... அது நான்தான். பரண்ல கெடந்த என் பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் பாக்கெட்டு ஒண்ணை எடுத்து உன் டியூபுக்குக் கீழ சொருகி வச்சேன். மொறைக்காத. முப்பது வருசம் வெளக்கு வாடகைக்கு விட்டவன் நான். கொடை, கல்யாணம், எழவு, எல்லாத்துக்கும் என் வெளக்குத்தான். நாளைக்கு எத்தனை மேண்டில் இந்தக் கையால கெட்டியிருப்பேன். நூல்பையை தோரிய உப்புல முக்கிக் காயப்போட்டதுதான் அந்தக்கால மேண்டில். கொளுத்துனா நூல் எரிஞ்சு போவும், சாம்பல் எலும்புக்கூடு மட்டும் நின்னு வெள்ளையா எரியும். ஒரு ஊது ஊதுனா உதுந்துரும். இப்போ வாரதுல பலதுல தோரியம் கெடையாது.

இன்னும் கேளு. 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரன், திருவாங்கூர்லேருந்து கப்பலேறிப் போன கயித்துல ஒட்டியிருந்த மணலைப் பாத்துட்டு, இதுல மோனசைட்டு இருக்குன்னு கண்டுபிடிச்சான். மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதுலதான் கெடக்கு. மணல் எங்கேருந்து வந்துதுன்னு தேடிட்டு வந்தவன் நின்ன எடம் நம்ம மணவாளக்குறிச்சி. இங்கயே ஆலையும் வச்சான். மொத உலகச் சண்டை வந்ததும் வேவுக்காரன்னு வெள்ளக்காரன் பிடிச்சு உள்ள போட்டுட்டான். கயித்தை உதறாம அனுப்புன புண்ணியவான் எந்த ஊர்க்காரனோ, அவன் பேரை ஒருத்தரும் எழுதி வைக்கல.

அந்த மார்கழி ராத்திரி எண்ணிக்கையை நீ வரைபடத்துல ஏத்திருவியோன்னு எனக்கும் நெஞ்சு அடிச்சுதான் கெடந்துது. நல்ல வேளை, குளச்சல் பய, "எனக்கு ஒண்ணும் ஏறலியே, உன் பொட்டிக்குக் கீழ என்னல கெடக்கு?"ன்னு கேட்டுட்டான். அவன் ஆளு. டோக்கியோவுலயும் இப்படி ஒண்ணு நடந்துது. 2011 அக்டோபர், செட்டகாயான்னு ஒரு எடம். நடைபாதை ஓரத்துல மணிக்கு 2.7 மைக்ரோசீவர்ட்டுன்னு காட்டவும், ஃபுகுஷிமா இங்க வரைக்கும் வந்துட்டுன்னு ஒரே களேபரம். தோண்டித் துருவினா, பக்கத்துப் பழைய வீட்டுத் தரைக்கு அடியில ரேடியம் போட்ட குப்பிய கெடக்கு. எந்தக் காலத்துல எவன் வச்சதோ. பாட்டாவோட குசும்பு உலகம் பூரா ஒண்ணுதான் மக்கா.

நம்ம கடற்கரைக்குப் பொட்டிய எடுத்துட்டுப் போயி, கருமணல் மேல வச்சு, 200 தாண்டிட்டுன்னு ஓடி வந்தியே, அதுக்கு மட்டும் நான் உன்னக் கேலி பண்ணமாட்டேன். அது நெசம். நம்ம மண்ணோட சுபாவம் அது. உலகத்துல ஒரு மனுசனுக்கு இயற்கையா வருசத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் விழும்னு கணக்கு. கேரளத்துல கருநாகப்பள்ளிக் கடலோரத்துல சில வீட்டுல அதைப்போல பல மடங்கு. அங்க 70,000 பேரு கிட்டப் பத்து வருசம் போல கவனிச்சு, கதிரால புத்துநோய் கூடுன மாதிரி தெரியலன்னு 2009-ல எழுதினாவ. அதுக்காக மணலை அள்ளிச் சோத்துல போட்டுப் பெசையலாம்னு அர்த்தம் இல்ல. நம்ம ஊரு எண்ணிக்கையப் பக்கத்து ஊரு எண்ணிக்கையோட வச்சுப் பாத்து அலறப்பிடாதுன்னுதான் அர்த்தம். நேத்தைய நம்ம ஊரோட வச்சுப் பாரு.

இன்னொண்ணு. ஒரு நிமிசம் எண்ணிட்டு ஒரு முடிவுக்கு வாரத விடு. ஆச்சி வீட்டுக்கு வார விருந்தாளி மாதிரிதான் இந்த டிக்கும். ஒருநாள் ஈ காக்கா இருக்காது, மறுநாள் ஏழுபேரு செருப்புக் கெடக்கும். நிமிசத்துக்கு 30 வார எடத்துல 24-ம் வரும், 36-ம் வரும், ஒண்ணும் கெட்டுப்போவல. 10,000 எண்ணுனா நூத்துல ஒரு பங்குக்குள்ள கணக்கு நிக்கும்னு உன் பொஸ்தகத்துலயே கெடக்கு. அதுக்கு அஞ்சரை மணிக்கூறு ஆவும். அதுக்குத்தான் பொட்டி முழிச்சிருக்கணும், நீ ஒறங்கணும். நீ தலைகீழாச் செய்யுத.

சுவரையா பாக்க? அது ஒண்ணுமில்ல. நீ எட்டு மணி வரைக்கும் ஒறங்குதல்லா, அதான் காலம்பற நான் எந்திச்சதும் பொட்டியில ராத்திரிச் சராசரி என்னன்னு பாத்து கரிக்கட்டையால குறிச்சு வைக்கேன். எனக்கும் மழைக்கணக்கு எழுதுத பழக்கம் உண்டுல்லா, அதுக்குப் பக்கத்துலயே. மேல உள்ளது மழை, கீழ உள்ளது உன் டிக்கு. மார்கழியில ஒரு நாளுக்கு மட்டும் சுழிச்சு வச்சிருக்கேன், அது எதுக்குன்னு இப்போ உனக்குத் தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்னு ஆச்சி நிக்கா. இந்த ஒரு சுவரை மட்டும் விட்டுரச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் சொன்னா எடுபடாது. அதுக்கு முந்தி அந்தத் துணிய எடு, தூறலு விழுந்துட்டு.