கோவில்பதாகையில் வேலை மாறுவோரின் தனித்திறன் வெளிப்படும் விதம்: ஒரு பெஞ்சு ஆய்வு

வேலையை விட்ட மனிதருக்குத் தம்மிடம் என்ன திறமை இருக்கிறது என்பது எப்போது, யார் மூலம் தெரியவருகிறது? இதற்கு விடை காணும் பொருட்டு, ஆவடி மாநகராட்சிக்கு உட்பட்ட கோவில்பதாகையில், ஏரிப் பக்கத்து டீக்கடை ஒன்றில் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. மாதிரியின் அளவு: ஒரு பெஞ்சு. வேலையில் இருப்பவர்கள் காலை ஒன்பது மணிக்கு மேல் அதில் தங்குவதில்லை என்பதால் மாதிரித் தேர்வு தானாகவே நடந்துவிட்டது.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். காரியத்தின் பலம், சொந்த பலம், எதிரியின் பலம், துணையின் பலம் என நான்கையும் எடைபோட்டுவிட்டு இறங்கச் சொல்கிறார் வள்ளுவர். சொந்த பலம் இதில் கால் பங்குதான். ஒரகடத்தில் எச்.ஆர். ஆக இருக்கும் மச்சான் நான்காவது வகையில் வருவார். அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் 2004இல் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு, சொந்த பலத்தை மட்டும் 24 கூறுகளாகப் பிரித்தார்கள். அந்தக் கூறுகளை அளக்கும் வினாத்தாள் ஒன்றைச் செல்போனில் நிரப்பிய பெஞ்சு உறுப்பினர் ஒருவருக்கு முதலிடத்தில் தன்னடக்கம் வந்தது. போனை வாங்கிப் பார்த்த அவர் மனைவி, "கல்யாண வீட்டுல மைக்கைப் புடிச்சு, பாயசத்துல முந்திரி இல்லன்னு சொன்ன ஆளுக்கா?" என்றார்.

அந்த அம்மையாரின் ஐயத்துக்கு ஆதாரம் உண்டு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே முடிவை, அவரவருக்கென்று தனியாக எழுதியதுபோல் எல்லோரிடமும் கொடுத்தார். தங்களைப் புட்டுப் புட்டு வைத்துவிட்டதாக மகிழ்ந்து, 5க்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். கிளி ஜோசியத்தில் கிளியாவது சீட்டை மாற்றி எடுக்கும்.

ஒப்பீட்டுக் குழுவும் வட்டாரத்திலேயே கிடைத்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியும் உருண்டு வெளியே வந்த பிறகு, இந்தப் பக்கம் ஃபேக்டரி வேலை என்றால் ஆயுசுக்கும் ஒரே வேலை. அப்பேர்ப்பட்டவர்கள் 2021 செப்டம்பர் 30 அன்று அரசுத் துறை ஆட்களாக வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் அதே கேட்டில் நுழையும்போது ஒரு நிறுவனத்தில் டெபுடேஷனில் இருந்தார்கள். படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 தொழிற்சாலைகள் 7 பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிந்ததன் விளைவு இது. டெபுடேஷன் அலவன்ஸ் கிடையாது. இக்குழுவில் புதிய திறமை எதுவும் வெளிப்பட்டதாகப் பெஞ்சுக்குத் தகவல் இல்லை. ஆகவே வேலை மாறினால் மட்டும் போதாது. ஆள் சும்மா இருப்பது தெருவுக்குத் தெரிய வேண்டும்.

இக்கருதுகோளை நிறுவியவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து வெளியே வந்த ஒருவர். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்த கை. பீஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ரிஜெக்ட் பெட்டியில் போடுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அதே கண்ணால் வீட்டில் தோசையின் ஓரத்தைப் பார்த்தால் சண்டை. கம்பெனியில் பலமாக இருந்தது சமையலறை வாசலைத் தாண்டியதும் பலவீனமாகிறது. மேற்படி 24இல் இதற்கு இடமே ஒதுக்கவில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறோம்.

வேலை போன சில வாரங்களில் பக்கத்துத் தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். மொய்க்கவரைக் கொடுக்கப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சாவிக்கொத்தை ஒரு நூலில் கட்டி நிலைக்கு நேராகத் தொங்கவிட்டார். "அண்ணே, நிலை ரெண்டு நூல் சாயுதே." ரசமட்டம் வந்தது, சாய்வு உறுதியானது, வீட்டுக்காரர் பந்தியை விட்டு மேஸ்திரியைத் தேடிக் கிளம்பினார். மறுவாரம் முதல், "அண்ணா, நம்ம வீட்டையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்களேன்" என்று அழைப்புகள். டைல்ஸை ரூபாய் நாணயத்தால் தட்டி, அடியில் கலவை இல்லாத இடத்தைச் சத்தத்திலேயே சொன்னார். பாத்ரூமில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்தார். தண்ணீர் சாவகாசமாகக் கதவுப் பக்கம் வந்தது.

சும்மா வந்தவரை நான்கு வீடுகள் கூப்பிட்டன. ஐந்நூறு ரூபாய் என்றதும் மூன்று வீடுகளில் அப்புறம் சொல்வதாகச் சொன்னார்கள். நான்காவது வீட்டில் ஜிபே பண்ணினார்கள். திறமை இருப்பதை எல்லா வீடும் கண்டுபிடிக்கும். அது தொழில் என்பதைக் கண்டுபிடித்த பெருமை நான்காவது வீட்டையே சேரும்.

திறமையைப் பார்த்தாயிற்று. இனி விழுமியம். வினாத்தாளில் நேர்மைக்கு டிக் அடிக்காதவர் எவரும் இல்லை. ஆதலால் அதை அளவுகோலாகக் கொள்வதற்கில்லை. நம்மவர் புது அடுக்ககம் ஒன்றைப் பார்க்கப் போனபோது, கட்டியவர் ஓரமாக அழைத்து ஒரு கவரை நீட்டினார். "சார், பார்ட்டி முன்னாடி ரொம்ப நோண்ட வேணாம்." இவர் கவரைப் பிரித்தார். நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்று ஓரத்தில் கிழிந்து டேப் ஒட்டியிருந்ததைச் சுட்டிக்காட்டி, அதை மேலாக வைத்து மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பால்கனி வாட்டத்தைப் பார்க்கப் போனார். இதில் விழுமியம் எவ்வளவு, கைப்பழக்கம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இப்போதுள்ள கருவிகள் போதா. கட்டியவர் மட்டும் அந்த இடத்திலேயே இதை ஒரே சொல்லில் வகைப்படுத்தினார். அச்சொல் அச்சில் ஏற்றத் தக்கதன்று.