யானை போன சீனா

திருவானைக்கா கோயில் வாசலில் நெய் தோசை இருக்க, கோபி மஞ்சூரியனுக்கு க்யூ நிற்கிறார்களே! ஆனைக்காவுக்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம்?

நம் யானையே அங்கே போய்விட்டதே! சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்களுக்கு ஒரு சிவன் கோயில் இருந்தது. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சாட்சி. அந்த ஊரில் கிடைத்த சிற்பம் ஒன்றில், லிங்கத்துக்கு யானை பூஜை செய்கிறது. ஆனைக்காவில் ஜம்புகேஸ்வரரை யானை பூஜித்த தலக்கதை கப்பலேறிய அழகை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, நாம் சாப்பிடுவது அசல் சீனச் சமையல்தானா?

மஞ்சூரியாவில் போய் மஞ்சூரியன் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்! அது 1970களின் மும்பைச் சரக்கு. கொல்கத்தாவில் பிறந்த சீனர் நெல்சன் வாங், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றினார். அவர் போட்டது கோழி. காலிஃபிளவர் பின்னால் வந்தது. ஹக்கா நூடுல்ஸுக்கோ கொல்கத்தாவில் தோல் பதனிட்ட ஹக்கா சீனர்கள்தான் தாய்வீடு.

பார்சல் வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். சாஸில் ஊறினால் மொறுமொறுப்பு போச்சு. வாணலியிலிருந்து இறங்கியதும் அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.