ஒண்ணே கால் மணி நேரம் தாராளம்

அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக அமெரிக்கா வருகிறார்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகச் சிகாகோ ஓ'ஹேர். அங்கிருந்து நீங்கள் இருக்கும் கொலம்பஸுக்கு ஓர் உள்நாட்டு விமானம். டிக்கெட் போடுவது நீங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு, ஒரு கண் கிரிக்கெட்டில் இருக்க, விலை குறைந்தது மேலே வருமாறு வரிசைப்படுத்தி, முதலில் நிற்பதை அழுத்தப்போகிறீர்கள். பிரமாதம். பாதி வேலை முடிந்தது. மீதியை நான் சொல்கிறபடி செய்யுங்கள். கொலம்பஸ் விமானம் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்புவதற்கு நான் பொறுப்பு.

1. கழித்தல் கணக்கு போடாதீர்கள்.

சிகாகோவில் இறங்குவது 2:00. கொலம்பஸ் விமானம் 3:15. நடுவே ஒண்ணே கால் மணி நேரம். தாராளம்! இதற்கு மேல் யோசித்தால்தான் ஆபத்து. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் புறப்படுவதற்கு 15 நிமிடம் முன்பே கதவைச் சாத்திவிடும். அப்போது மணி 3:00. பெட்டிகளையோ பொதுவாக 45 நிமிடம் முன்பே ஒப்படைத்திருக்க வேண்டும். அதாவது 2:30. சக்கரம் தரையைத் தொட்டதே 2:00 மணிக்கு. ஆக, உங்கள் ஒண்ணே கால் மணி என்பது அரை மணி. அந்த அரை மணிக்குள் விமானம் கேட்டுக்கு ஊர்ந்து வந்து, கதவு திறந்து, முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் மேலிருந்து பையை இறக்கி, இமிக்ரேஷன், பெல்ட், கஸ்டம்ஸ், அடுத்த டெர்மினலுக்கு ரயில் எல்லாம் நடந்தாக வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குதான். போட்டுவிட்டால் அப்புறம் அந்த டிக்கெட்டை வாங்க மனசு வராது.

2. இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்குங்கள்.

இதுதான் அஸ்திவாரம். ஒரே டிக்கெட்டாக வாங்கினால் பல தொல்லைகள். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று உண்டு; அதற்குக் கீழே ஒரே டிக்கெட்டில் விற்க மாட்டார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியிலும் சென்னையிலேயே கொலம்பஸ் சீட்டை ஒட்டிவிடுவார்கள். கஸ்டம்ஸைத் தாண்டியதும் பக்கத்திலேயே மறுபடி ஒப்படைத்துவிட்டுக் கை வீசி நடக்கலாம். இதில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

தனி டிக்கெட் என்றால் தலைக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ, மொத்தம் 92 கிலோவை அப்பாவும் அம்மாவும் இன்னொரு டெர்மினலின் கவுன்டர் வரை தாங்களே கொண்டுபோக வேண்டும். அங்கே நான்கு பெட்டிக்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். தனித்தனியாக வாங்கி நீங்கள் மிச்சம் பிடித்த 70 டாலர் அங்கேயே கரையும். விமானத்தைத் தவறவிட்டால் அந்தக் கம்பெனிக்கு அவர்கள் வராத பயணிகள், அவ்வளவுதான். கொலம்பஸ் டிக்கெட்டைப் போக வர சேர்த்தே வாங்குங்கள். போகும்போது ஏறாதவர்களுக்குத் திரும்பும் பயணத்தையும் பெரும்பாலும் ரத்து செய்துவிடுவார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

3. அபுதாபிப் பக்கம் போகாதீர்கள்.

2014 முதல் அங்கே அமெரிக்க இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் சோதனையை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். சிகாகோவில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கி வெளியே வந்துவிடலாம். பட்டியலில் அது கண்ணில் பட்டால் வேகமாகக் கீழே தள்ளுங்கள்.

4. உங்கள் அனுபவத்தை வைத்துச் சொல்லுங்கள்.

"நான் போன தடவை பத்தே நிமிஷத்துல வெளிய வந்துட்டேம்பா!" உண்மைதான். உங்களிடம் கிரீன் கார்டு இருந்தது, போனில் மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் செயலி இருந்தது. அப்பாவிடம் இருப்பது பி-2 விசா. அந்தச் செயலி அவருக்கு உதவாது. அவர் நிற்கப்போவது வேறு வரிசை. ஐரோப்பாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் அடுத்தடுத்து வந்து இறங்குகிற பிற்பகல் கூட்டம் முழுவதும் அங்கேதான் நிற்கும். இதையெல்லாம் சொல்லி அவரைப் பயமுறுத்த வேண்டாம். "எக்மோர்ல இறங்கி சென்ட்ரல் போற மாதிரிதாம்பா" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

5. தாளில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

எங்கே தங்கப்போகிறீர்கள் என்று அதிகாரி கேட்பார். உங்கள் முகவரி வாட்ஸப்பில் இருக்கிறது. வாட்ஸப்புக்கு நெட் வேண்டும். ரோமிங் வீண் செலவு என்று சென்னையிலேயே நீங்கள் தடுத்துவிட்டீர்கள். விமான நிலைய வைஃபையில் எப்படிச் சேர்வது என்று அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்து கைரேகை. வயதானவர்களின் ரேகை தேய்ந்திருக்கும், ஒரே தடவையில் பதியாது. "இன்னும் அழுத்துங்கள்" என்று அதிகாரி அவர் ஊர் ஆங்கிலத்தில் சொல்வார். அம்மா கையை எடுத்துவிடுவார். கடிகாரம் அங்கே ரொம்ப வேகமாக ஓடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

6. வீல்சேரை ஒருவருக்கு மட்டும் கேளுங்கள்.

முழங்கால் வலி அம்மாவுக்குத்தான், சரி. ஆனால் பாஷை தெரியாத அப்பாவுக்கும் கேட்டுவிட்டால் இருவரையும் யாரோ ஒருவர் பத்திரமாக வழிகாட்டி அழைத்துப்போய்விடும் அபாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்டால் நல்ல குழப்பத்துக்கு வாய்ப்பு உண்டு. மற்ற எல்லாரும் இறங்கிய பிறகுதான் வீல்சேர்க்காரர்கள் இறங்குவார்கள். அதையும் உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். இருக்கை தேர்வு செய்யக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கடைசி வரிசை சும்மாவே கிடைக்கும்.

7. கருவேப்பிலை கொண்டுவரச் சொல்லுங்கள்.

"இங்க கிடைக்கிறதுல வாசனையே இல்லம்மா." இந்த ஒரு வரி போதும். வீட்டுக் கொல்லையில் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுவார். கருவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை நாசமாக்கும் நோயைப் பரப்புகிற ஒரு பூச்சி அந்த இலையில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் அமெரிக்காவுக்குள் அதற்கு அனுமதி இல்லை. மறைத்துக் கொண்டுவந்தது தெரிந்தால் முதல் தடவைக்கே 1,000 டாலர் வரை அபராதம் போடலாம். "சாப்பாட்டுப் பொருள் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் "நோ" என்று சொல்லப் பழக்கிவையுங்கள். மாவடு ஜாடி எக்ஸ்ரேயில் தெரிந்ததும் எல்லாப் பெட்டியையும் மேஜைமேல் தூக்கிவைக்கச் சொல்வார்கள். நான்கு பெட்டியையும் நைலான் கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும்.

8. பருப்புப் பொடியைக் கைப்பையில் வையுங்கள்.

கொலம்பஸ் விமானத்துக்கு மறுபடி முதலிலிருந்து பாதுகாப்புச் சோதனை உண்டு. 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனியே எடுத்து வைக்க வேண்டும், கூடுதலாகச் சோதிக்கவும் செய்யலாம். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப்பொடி எல்லாம் ஆளுக்கொரு கிலோ இருந்தால் அமர்க்களம். கூடவே விமானத்தில் மிஞ்சிய தண்ணீர் பாட்டில் ஒன்று. அது பெற்றோரிடம் எப்போதும் இருக்கும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

9. டெர்மினலைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

ஓ'ஹேரில் வெளிநாட்டு விமானங்கள் வந்து சேர்வது டெர்மினல் 5. யுனைடெட் டெர்மினல் 1-இல், அமெரிக்கன் டெர்மினல் 3-இல். நடுவே ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடுகிறது. ஓட்டுநரே இல்லை என்பதால் அதில் ஏறலாமா என்று அப்பா கொஞ்ச நேரம் யோசிப்பார். யோசிக்கட்டும்.

10. அன்றைய கடைசி விமானத்தைப் பிடியுங்கள்.

3:15 கிடைக்கவில்லையா? ராத்திரி கடைசி விமானத்தைப் போடுங்கள். கத்திரி வெயிலுக்குத் தப்பித்து அவர்கள் கிளம்பும் மே, ஜூனில்தான் சிகாகோவில் பிற்பகல் இடிமழை. மழையில் எல்லாம் தள்ளிப்போகும். பிற்பகல் விமானம் போனால் அடுத்தது உண்டு. கடைசி விமானம் போனால் இரும்பு நாற்காலிதான். அன்றைக்கு உங்கள் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு மீட்டிங்கில் உட்காருங்கள்.

11. இதே முறையை மாமனார் மாமியாருக்குக் கையாளாதீர்கள்.

அவர்களுக்கு டிக்கெட் போடும்போது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது உங்களுக்குத் தானாகவே எல்லாம் தெரிந்துவிடும்: ஒரே டிக்கெட், நடுவே நான்கு மணி நேரம், இருவருக்கும் வீல்சேர், நடைபாதை ஓர இருக்கை, அச்சடித்த முகவரித் தாள் மூன்று பிரதி. சிகாகோ வரை நீங்களே காரில் போய் அழைத்துவருவதாகக்கூடச் சொல்லிப் பார்ப்பீர்கள்.