ஆய்வேடு சமைப்பது எப்படி: ஓர் ஆய்வு

முனைவர் பட்டம் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஆய்வுப் பொருளைத் தேடி அலைகிறார்கள். பிழை. முதலில் தேட வேண்டியது நல்ல டிடிபி சென்டர். பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும். அங்கே தட்டச்சு செய்கிற அக்கா உங்களுக்கு முன்னால் எத்தனையோ ஆய்வேடுகளை அடித்து முடித்தவர். ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், நன்றியுரையில் துணைவேந்தர் முதலா தாய்தந்தையர் முதலா, துணைநூற் பட்டியலில் எந்தெந்த நூல் எப்போதும் இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் ஆய்வேட்டின் நான்காம் இயலைக் கொடுத்தபோது இரண்டு பக்கம் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சார், இதைப் போன மாசமே அடிச்சுட்டேனே, மூணாவது இயல்ல."

"ரெண்டு இடத்துலயும் வரும்க்கா. அது மீள்பார்வை."

அந்தப் பதில் எனக்கு வாய்மொழித் தேர்விலும் கைகொடுத்தது. இன்றுவரை என் ஆய்வேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தவர் அந்த அக்கா ஒருவர்தான். என்னையும் சேர்த்து இரண்டு பேர் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஐந்தாம் இயலை நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன்.

அடுத்தது தலைப்பு. சூத்திரம் எளிது. ஒரு படைப்பாளியின் பெயர், 'படைப்புகளில்' என்று ஓர் ஏழாம் வேற்றுமை, ஒரு பெரிய சொல், பிறகு முக்காற்புள்ளி, கடைசியில் 'ஓர் ஆய்வு'. பெரிய சொற்கள் கைவசம் ஒரு பத்துப் பன்னிரண்டு உண்டு: பண்பாடு, சமூகம், பெண்ணியம், விளிம்புநிலை, வாழ்வியல், மானுடம். படைப்பாளிகள் அதைவிட அதிகம். ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் தலைப்பு மிச்சமிருக்கும். முடிவுச் சொல்லில் மட்டும் கவனம் தேவை. 'ஒரு பார்வை' கருத்தரங்கக் கட்டுரைக்கு, 'ஓர் ஆய்வு' பட்டத்துக்கு, 'பன்முக நோக்கு' பதவி உயர்வுக்கு. மாற்றிப் போட்டால் அபசகுனம்.

படைப்பாளி உயிரோடு இருந்தால் ஒரு நேர்காணல் எடுத்துப் பின்னிணைப்பில் சேர்க்கலாம். காலமாகிவிட்டவர் இன்னும் உத்தமம், எதையும் மறுக்க மாட்டார்.

முதல் இயல் 'வாழ்வும் படைப்பும்'. பிறந்த ஊர், படித்த பள்ளி, மணந்த ஆண்டு என்று முப்பது பக்கம் ஓடும். இரண்டாம் இயலில் 'சமூகம்: சொற்பொருள் விளக்கம்'. இதற்கு நூலகத்துக்குப் போய்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை எடுக்க வேண்டும். நல்ல கனம், பார்த்துத் தூக்குங்கள். 1913-இல் ஜே. எஸ். சாண்ட்லர் என்ற பாதிரியார் பொறுப்பில் தொடங்கிய வேலை அது. ஆசிரியர்கள் மாறினார்கள். 1926-இல் வையாபுரிப் பிள்ளை வந்து உட்கார்ந்தார். அவர் வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்தவர். ஆறு தொகுதிகள் 1936-இல் முடிந்தன, அனுபந்தம் 1939-இல் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். அவற்றில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எழுதிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

முன்பெல்லாம் எம்.ஃபில். ஏட்டையே கொஞ்சம் ஊதிப் பெருக்கி இந்த இடத்தில் செருகுவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் எம்.ஃபில். பட்டத்தையே ஒழித்துவிட்டதால் அந்தக் குடிசைத் தொழில் நசிந்துவிட்டது.

இனி ஒப்புமைச் சோதனை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் குற்றமில்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு ஒதுங்கி இருக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. அஞ்ச வேண்டாம். சொல்வளத்தில் நம் மொழிக்கு ஈடு உண்டா? மூலத்தில் 'கூறுகிறார்' என்று இருந்தால் 'மொழிகிறார்' என்று மாற்றுங்கள். பக்கத்தில் 'மொழிகிறார்' இருந்தால் 'பகர்கிறார்'. 'எனவே' என்பதை 'ஆகவே' ஆக்குங்கள், 'ஆகவே' என்பதை 'ஆதலின்' ஆக்குங்கள். நிகண்டு எழுதியவர்கள் அக்காலத்திலேயே மென்பொருளை எதிர்பார்த்துத்தான் உழைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வாய்மொழித் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேசரியும் வடையும் சூடாக இருக்கட்டும். புறத்தேர்வாளர் ஒற்றுப்பிழை சொல்வார், குறித்துக்கொள்ளுங்கள். பொன்னாடை அவருக்கு ஒன்று, நெறியாளருக்கு ஒன்று, எதிர்பாராமல் வரும் முன்னாள் துறைத்தலைவருக்கு ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். பிறகு ஆய்வேட்டை 'சோத்கங்கா' என்ற தளத்தில் ஏற்றுவார்கள். நாட்டின் ஆய்வேடுகள் போய்ச் சேரும் மின்களஞ்சியம் அது, நடத்தும் நிறுவனம் குஜராத்தின் காந்திநகரில் இருக்கிறது. கங்கையில் கரைத்தாயிற்று, இனித் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வரலாம்.

வேலைக்கு மனுப் போடும்போதுதான் உண்மையான கணிதம் தொடங்குகிறது. மேற்சொன்ன அதே 2018-இல் வந்த பணி நியமன விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. மொழித்துறைக்காரர் ஒரு கட்டுரையைத் தனியாக எழுதினால் 10 மதிப்பெண். இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது ஏழும் ஏழும் பதினான்கு. ஐந்து பேர் சேர்ந்தால் முதல் ஆசிரியருக்கு 7, மற்ற நால்வருக்கும் தலைக்கு 3, ஆக மொத்தம் 19. பத்து இட்லியை ஐந்து பேருக்குப் பங்கு வைத்துப் பத்தொன்பது இட்லி பரிமாறும் வித்தை வேறெங்கும் கிடையாது. தனியாக எழுதுகிறவன் ஏமாளி.

கருத்தரங்கிலும் அப்படித்தான். தேசியக் கருத்தரங்கில் வாசித்தால் 3, உள்நாட்டிலேயே நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசித்தால் 5. எனவே ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒருவர் கூகுள் மீட்டில் வந்து 'என் குரல் கேட்கிறதா' என்று கேட்டால் போதும், நிகழ்ச்சி கடல் கடந்துவிடும். கட்டுரைகளைச் சேர்த்துக் கட்டிக் கோவையாக்கினால் உள்ளே எழுதியவருக்கு 5, பதிப்பாசிரியருக்கு 8. பதிப்பாசிரியரின் வேலை என்னவென்று கேட்காதீர்கள். அவர்தான் பதிவுக் கட்டணம் வசூலிக்கிறார்.

மொழிபெயர்ப்பில் இறங்கிவிடாதீர்கள். ரஷ்ய நாவல் ஒன்றை நான்கு ஆண்டு முட்டி மோதித் தமிழாக்கினாலும் முழு நூலுக்கு 8 மதிப்பெண்தான். காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு முழு இணையப் பாடம் தயாரித்தால் 20.

பக்கத்து வளாகங்களைப் பார்த்து மனம் தடுமாறவும் கூடாது. கால்நடைப் பல்கலைக்கழகத்தார் 'நந்தனம் கோழி', 'நாமக்கல் காடை' என்று தங்கள் ஆராய்ச்சியைக் கூண்டில் வளர்க்கிறார்கள். அதை ஆம்லெட் போட்டும் மதிப்பிடலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் செய்த 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோள் 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறி வானத்துக்கே போய்விட்டது. கருநீல ரெக்சின் அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த நம் ஆய்வேட்டுக்கு அந்த ஆபத்து எதுவும் இல்லை. வைத்த அலமாரியில் வைத்தபடி இருக்கும்.

எச்சரிக்கையாக ஒன்றே ஒன்று. நூலகத்தில் அகராதியை எடுத்தீர்களே, அதைப் போல் ஏதாவது செய்யலாமா என்ற எண்ணம் சிலருக்கு வந்துவிடுகிறது. வந்தால் உடனே ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். வையாபுரிப் பிள்ளை இன்று விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வருவதற்கு முன் மற்றவர்கள் செய்ததையும் அனுபந்தத்தையும் சேர்த்துப் பேரகராதி முழுவதையும் அவர் கணக்கிலேயே தாராளமாக வரவு வைப்போம். உள்நாட்டுப் பதிப்பாசிரியர் என்ற வகையில் தொகுதிக்கு 8 வீதம் ஏழு தொகுதிக்கும் 56.

இணைப் பேராசிரியர் நேர்காணலுக்கு அழைக்க 75 வேண்டும். முனைவர் பட்டமும் வேண்டும். அவரிடம் அதுவும் இல்லை.